வெள்ளிக்கிழமைப் பூச்சியம்

கண்டக்குழி
09.09.2025

நிலானிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேற்றுப் போனில் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே வெட்டிவிட்டாய். திரும்ப எடுத்தால் மணி அடிக்கிறது, ஆள் இல்லை. ஆகவே கடிதம். இதைப் பாதியில் வெட்ட முடியாது. கிழித்துப் போட்டாலும் துண்டுகளைப் பொறுக்கி வாசிக்கிற ஆள் நீ. கல்வியியற் கல்லூரி விடுதியில் இரண்டு வருடம் உன்னோடு ஒரே அறையில் இருந்தவளுக்கு அது தெரியாதா? புத்தளம் பஸ் கண்டக்டர் ஸியாத்திடம் கொடுத்தனுப்புகிறேன்.

கல்வி வலயத்துக் கணித ஆலோசகராக நீ தரம் பத்துக்குத் தயாரித்த வினாத்தாளின் ஏழாவது கேள்வியைப் பற்றித்தான் மறுபடியும் சொல்கிறேன். ஒரு கடற்கரைக் கிராமத்தில் ஒரு கிழமை பிடிபட்ட மீனுக்கு, நாளுக்கொரு பட்டையாகச் சலாகை வரைபடம் போட்டிருக்கிறாய். திங்கள் எண்பது கிலோ, செவ்வாய் எழுபது, புதன் தொண்ணூறு, வியாழன் நாற்பது, வெள்ளி பூச்சியம், சனி அறுபது, ஞாயிறு எண்பது. மீன் மிகக் குறைவாகப் பிடிபட்ட நாள் எது? ஒரு நாள் சராசரி எவ்வளவு?

உன் புள்ளித் திட்டத்தில் விடை வெள்ளி. சராசரி அறுபது. என் வகுப்பில் கிட்டத்தட்ட எல்லாரும் வியாழன் என்று எழுதி, மொத்தத்தை ஆறால் பிரித்து எழுபது என்று எழுதியிருக்கிறார்கள். பார்த்தெழுதினார்கள் என்று நேற்று நீ சொன்னாய். அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் கத்தினேன், இப்போதும் கத்துகிறேன்.

விடைத்தாளைக் கொடுத்த அன்று அஸ்கா எழுந்து நின்றாள். "டீச்சர், வெள்ளிக்கிழம ஜும்ஆத் தொழுக. ஆரும் தோணி எறக்கிற இல்ல. கடலுக்குப் போகாத நாள்ல மீன் கொறஞ்சிட்டு எண்டு எப்படிச் சொல்லுற?" என்று கேட்டாள். அதே கேள்வியை உன்னிடம் கேட்கிறேன். எப்படிச் சொல்லுவாய்?

இந்தப் பிள்ளைகளுக்கு நான் இரண்டு தவணை என்ன பாடு பட்டுப் படிப்பித்தேன் என்று உனக்குத் தெரியாது. வரைபடத்தைக் கண்டால் உயரமான சலாகை எது, கட்டையான சலாகை எது என்று கட்டம் எண்ணி எழுதிவிட்டுப் பேனையை மூடுகிற பிள்ளைகள் இவர்கள். எந்தப் படமென்றாலும் முதலில் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்று தொண்டை கிழியச் சொன்னேன். யார் எண்ணினது, எப்போது எண்ணினது, எதை எண்ணவில்லை. ஸஜீத் என்றொரு குறும்பன், "டீச்சர், அளந்து எழுதினா மார்க்ஸ் தருவாங்க தானே, ஏன் இப்படி விசாரிக்கிற, நாங்க பொலிஸா?" என்று கேட்டான். அவன்கூட இந்தமுறை ஆறால் பிரித்திருக்கிறான். அவர்கள் கேட்கப் பழகிவிட்டார்கள், நிலானி. கேட்ட கையோடு ஐந்து புள்ளியை நீ பிடுங்கிக்கொண்டாய்.

அஸ்காவுக்கு அந்த ஐந்து புள்ளி இருந்திருந்தால் வலயம் புத்தளத்தில் நடத்துகிற சனிக்கிழமை விசேட வகுப்புக்கு இடம் கிடைத்திருக்கும். இந்தப் பக்கம் கணிதத்துக்கு டியூஷன் கிடையாது என்பது உனக்குத் தெரியும். வகுப்பு கிடைத்தால் படிக்கட்டும், கிடைக்காவிட்டால் தையலுக்கு விடுகிறேன் என்று அவளுடைய வாப்பா இன்சாப் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். அந்தக் கேள்வியைத் திரும்பத் திருத்து. வேறொன்றும் கேட்கவில்லை.

முஃப்லிஹா


புத்தளம்
12.09.2025

அன்புள்ள முஃப்லிஹா,

முதலில் ஒரு விஷயம். உறையை ஒட்டி அனுப்பு. கடிதத்தை என் கையில் தந்துவிட்டு ஸியாத், "மிஸ், அந்தப் புள்ளைக்கு மார்க்ஸ் போட்டா என்ன கொறஞ்சா போற?" என்று கேட்கிறான். காரியாலய வாசலில், பியோன் பார்த்துக்கொண்டிருக்க. உன் கடிதத்தைக் கற்பிட்டி வீதி முழுக்க வாசித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பார்த்தெழுதினார்கள் என்று சொன்னது பிழை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதற்குக் கேட்கமாட்டேன்.

படத்தில் ஏழு நாள் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குப் பூச்சியம் போட்டிருக்கிறது. ஏழு எண்களில் சிறியது பூச்சியம். சராசரி என்றால் மொத்தத்தை ஏழால் பிரிப்பது. கடலுக்குப் போனார்களா, வலை காயப் போட்டார்களா, கலியாண வீட்டுக்குப் போனார்களா என்பது கேள்வியில் இல்லை. இல்லாததை ஊகித்து எழுதினால் புள்ளி இல்லை. இது நான் கண்டுபிடித்த சட்டம் இல்லை, அடுத்த வருடம் உன் பிள்ளைகள் எழுதப்போகிற சாதாரண தரப் பரீட்சையின் சட்டம். அங்கே திருத்துகிறவர் மலைநாட்டில் இருப்பார். கண்டக்குழியில் வெள்ளிக்கிழமை தோணி இறக்குவதில்லை என்று அவருக்கு யார் போய்ச் சொல்வது? நியாயம் கேட்கப் படிப்பிக்கிறாய், பாஸாகப் படிப்பிக்கவில்லை. தோற்ற பிறகு அந்த நியாயத்தைக் கொண்டுபோய் எங்கே கொடுப்பார்கள்?

இன்னொன்று. சொல்ல வேண்டாம் என்று இருந்தேன், சொல்ல வைத்துவிட்டாய். அந்த எண்கள் கற்பனை இல்லை. எங்கள் ஊர் சின்னப்பாட்டில் அண்ணன் நிக்கொலஸின் தோணிக் கணக்கு. உண்மையில் பூச்சியம் இருந்தது ஞாயிற்றுக்கிழமைக்கு. வெள்ளிக்கு எண்பது. நான்தான் இரண்டையும் இடம் மாற்றினேன். ஏன் தெரியுமா? பாடப் புத்தகத்தில் எப்போதும் அப்பிளும் ஸ்ட்ரோபெரியும்தான் வருகிறது, நம் பிள்ளைகளுக்கு அந்நியமாக இருக்கிறது என்று கல்லூரிக் காலத்திலிருந்து குறைப்பட்டவள் நீ. வலயத்தில் முஸ்லிம் பாடசாலைதான் அதிகம், அவர்களுடைய ஊர் மாதிரி இருக்கட்டும் என்று பூச்சியத்தை வெள்ளிக்கு வைத்தேன். உங்களுக்காகச் செய்தேன். அதற்குக் கிடைத்த பரிசு உன் கடிதம்.

விசேட வகுப்புப் பட்டியல் முடிந்துவிட்டது. இருபத்து நாலு பேர். வலயப் பணிப்பாளர் ஒப்பமும் வைத்துவிட்டார். அஸ்காவைப் பற்றி எனக்கும் வருத்தம்தான். வருத்தத்துக்குப் புள்ளித் திட்டத்தில் இடம் இல்லை.

நிலானி


கண்டக்குழி
16.09.2025

நிலானி,

இந்த முறை உறையை ஒட்டி, மேலே செலோட்டேப்பும் போட்டிருக்கிறேன். ஸியாத் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் ஊர் மாதிரி இருக்கட்டும் என்று எங்கள் வெள்ளிக்கிழமையைக் கொண்டுவந்து படத்தில் வைத்தவள் நீயே. எங்கள் பிள்ளைகள் தங்கள் ஊரை அடையாளம் கண்டு எழுதினார்கள். அதற்குத் தண்டனையும் நீயே கொடுத்தாய். எங்கள் ஊரைக் கேள்விக்குள் எடுக்கலாம், விடைக்குள் எடுக்கக் கூடாதா? நீ பேசாமல் ஸ்ட்ரோபெரியையே வைத்திருக்கலாம். ஸ்ட்ரோபெரியை நாங்கள் யாரும் கண்ணால் கண்டதில்லை, ஏழால் பிரித்துவிட்டுப் போயிருப்போம்.

பரீட்சை, பாஸ் எல்லாம் எனக்கும் தெரியும். பூச்சியம் வேறு, கணக்கில் சேராதது வேறு என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு வரைபடம் கிடைக்காமல் அலைந்தேன். அஸ்கா அதைத் தானாகப் பிடித்தாள். பரீட்சைக்கு வராத பிள்ளைக்குப் பூச்சியம் போடுகிறோமா? 'வரவில்லை' என்றுதானே எழுதுகிறோம்? இதை அவள்தான் என்னிடம் கேட்டாள், நான் அவளிடம் சொல்லவில்லை.

இப்போது நடப்பதைக் கேள். நேற்று மழை வீழ்ச்சி அட்டவணை ஒன்றைப் பலகையில் எழுதினேன். வேண்டுமென்றே ஒரு மாதத்தைக் காலியாக விட்டேன். முன்பென்றால் அஸ்கா கையை உயர்த்தியிருப்பாள். நேற்று அந்த இடத்தில் சத்தமில்லாமல் பூச்சியம் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். "ஏன் அஸ்கா, அந்த மாசம் மழையே இல்லையா?" என்று கேட்டேன். "தெரியா டீச்சர். எத எழுதினா மார்க்ஸ் வரும் எண்டு சொல்லுங்க, அத எழுதுறன்" என்றாள். முழு வகுப்பும் தலையாட்டியது. ஸஜீத்துக்கு மகா சந்தோஷம், "நான் அப்பவே சொன்ன தானே" என்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது, சோக்கட்டி தேடுகிற மாதிரி அலுமாரிப் பக்கம் திரும்பி நின்றேன்.

உன்னிடம் ஒன்றுதான் சொல்கிறேன். உங்கள் அண்ணனுடைய உண்மையான கணக்கை, பூச்சியம் ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிற அதே படத்தை, சின்னப்பாட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார். ஒன்றும் விளங்கப்படுத்தாதே. தாளைக் கொடுத்துவிட்டுக் கதிரையில் இரு. என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது. அவர்களும் ஏழால் பிரித்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

முஃப்லிஹா


புத்தளம்
23.09.2025

அன்புள்ள முஃப்லிஹா,

ஒரு கிழமையாகப் பதில் எழுதவில்லை. இரண்டு முறை தொடங்கி நிறுத்தினேன்.

சின்னப்பாட்டுக்குப் போனேன், ஆலோசகர் பார்வையிட வந்திருக்கிறார் என்ற பெயரில். நீ சொன்னபடியே தாளைக் கொடுத்துவிட்டு இருந்தேன். உன்னைப் பிழையென்று காட்டத்தான் போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

முப்பது பேர். என் வினாத்தாளில், வெள்ளிக்குப் பூச்சியம் இருந்தபோது, இவர்களில் ஆறால் பிரித்தவர்கள் இரண்டு பேர். ஞாயிறுக்குப் பூச்சியம் வைத்த தாளில் இருபத்தொரு பேர். அதே பிள்ளைகள், அதே எண்கள், இடம் மட்டும்தான் மாற்றம். இரண்டையும் அட்டவணையாக எழுதி மேசையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தேன். என் வினாத்தாள் கணிதத்தைச் சோதிக்கவில்லை. யார் எந்த நாளில் தோணியைக் கரையேற்றுகிறார்கள் என்பதைச் சோதித்திருக்கிறது.

அந்த இருபத்தொரு பேரில் ஒருவன் றொபின்சன், அண்ணனுடைய மகன். வெளியே வந்ததும் கேட்டேன், ஏன் ஆறு என்று. "மாமி, ஞாயிறு பூசைக்குத் தானே போற. அண்டைக்கு ஆரு கடலுக்குப் போற? போகாத நாள என்னத்துக்குச் சேக்கிற?" என்றான். உன் அஸ்கா சொன்ன அதே நியாயத்தைச் சொன்னான். அப்போ வெள்ளிக்கிழமைத் தாளில் ஏன் ஏழால் பிரித்தாய் என்றேன். "அது சும்மா வெள்ளிக்கிழம தானே, மீன் படேல்ல எண்டு நெனச்சன்" என்றான்.

இனி எழுத வேண்டியதுதான் என் பேனையை நிறுத்தியது. அந்த இருபத்து நாலு பேர் பட்டியலில் கடைசிப் பெயர் றொபின்சன். அஸ்கா இருபத்தைந்தாவது. இருவருக்கும் இடையில் மூன்று புள்ளி. மற்றப் பாடசாலைகளையும் பார்த்துவிட்டேன், புள்ளித் திட்டத்தை மாற்றினால் பட்டியலில் மாறுவது அந்த ஒரு இடம்தான். அஸ்கா உள்ளே, றொபின்சன் வெளியே.

இதை முதலிலேயே உனக்குச் சொல்லாதது என் குடும்பத்துப் பிள்ளை என்பதாலா, அல்லது உண்மையிலேயே சட்டம் சரி என்று நினைத்ததாலா, எனக்கே தெரியவில்லை. அப்பாவும் அண்ணனுமாக இரண்டு தலைமுறை உப்புத் தண்ணீரில் நின்றவர்கள். மகன் பெயர் பட்டியலில் வந்த அன்று தெருவுக்கே கேக் கொடுத்தார். நான் போய் அவரிடம் என்ன சொல்லுவேன்? உன் மகன் எழுதியது பிழை இல்லை, ஆனால் இன்னொரு பிள்ளை எழுதியதும் பிழை இல்லை என்றா?

எனக்குக் கோபம் உன் மேல்தான் வருகிறது. பேசாமல் இருந்திருக்கலாமே நீ. சொல், என்ன செய்ய?

நிலானி


கண்டக்குழி
25.09.2025

அன்புள்ள நிலானி,

புள்ளியைப் போடு என்று எழுதினேன், கிழித்தேன். விட்டுவிடு என்று எழுதினேன், அதையும் கிழித்தேன். நீயாக இருந்தால் துண்டுகளைப் பொறுக்கியிருப்பாய்.

அஸ்காவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ தெரியவில்லை. அவள் பெரிய மனுஷி மாதிரி விட்டுக்கொடுப்பாள் என்று எங்கோ மனசுக்குள் எதிர்பார்த்தேன் போல. அவள் விட்டுக்கொடுக்கவில்லை. "அவன் பாவம்தான் டீச்சர். அப்ப நான் என்ன பிழ செஞ்ச?" என்று கேட்டாள், கண் நிறைய.

நான் சொல்லி நீ செய்தால், நாளைக்கு உன் அண்ணன் முன்னால் என் பெயரைச் சொல்லுவாய். நான் சொல்லி நீ செய்யாமல் விட்டால், அஸ்கா முன்னால் நான் நிற்க முடியாது. இரண்டும் எனக்கு வேண்டாம். வினாத்தாள் உன்னுடையது. விடை சரியா பிழையா என்று மட்டும் பார். யார் பிள்ளை என்று பார்க்காதே, என் பிள்ளை என்றும் பார்க்காதே.

ஆனால் ஒன்று கேட்கிறேன். இருபத்து நாலு என்பதை யார் எண்ணினது? எப்போது எண்ணினது? ஏன் இருபத்தைந்து இல்லை?

முஃப்லிஹா


புத்தளம்
30.09.2025

முஃப்லிஹா,

மாற்றிவிட்டேன். ஏழாவது கேள்விக்கு இரண்டு விடையையும் ஏற்கும்படி வலயம் முழுக்கச் சுற்றறிக்கை போய்விட்டது. புதுப் பட்டியலில் அஸ்கா இருபத்து நாலாவது. சனிக்கிழமை, நாலாம் திகதி, எட்டரைக்கு வகுப்பு. வரச் சொல்.

பணிப்பாளர் லேசில் விடவில்லை. "ஒரு கேள்விக்கு ரெண்டு சரியான விடையா, நாளைக்கு மூணாவதும் வரும்" என்றார். என் அட்டவணையை மேசையில் வைத்தேன். இரண்டு, இருபத்தொன்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு ஒப்பம் வைத்தார்.

உன் மூன்று கேள்வியையும் அவரிடம் கேட்டேன். ஏன் இருபத்து நாலு என்று. எனக்குப் பெரிய காரணம் ஏதோ இருக்கும் என்ற நினைப்பு. "அறையில் இருக்கிற கதிரை இருபத்து நாலு, மிஸ். இருபத்தைந்தாவதைத் தரையிலயா இருத்துற?" என்றார். அவ்வளவுதான். இத்தனை சண்டையும் ஒரு கதிரைக்கு. கதிரை வாங்க விண்ணப்பித்தால் அடுத்த வருடம் வருமாம்.

அண்ணனிடம் நேரில் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஞாயிறு பூசையில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுந்து பின்வரிசைக்குப் போனார். அண்ணி போன் எடுப்பதில்லை. றொபின்சன் மட்டும், "பரவாயில்ல மாமி" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். அது பரவாயில்லை என்று சொல்கிற குரல் இல்லை.

சரியானதைச் செய்தால் மனசு லேசாகும் என்கிறார்களே, எனக்கு ஆகவில்லை. உனக்கு ஆகியிருந்தால் சந்தோஷம்.

நிலானி


கண்டக்குழி
02.10.2025

அன்புள்ள நிலானி,

இந்தக் கடிதத்தோடு ஸியாத் ஒரு பிளாஸ்டிக் கதிரையும் கொண்டுவருவான். நீலம். வலது கையில் ஒரு வெடிப்பு, ஆள் இருந்தால் தாங்கும், நான் இருந்து பார்த்தேன். பஸ்ஸில் கதிரைக்கு இடமில்லை என்று அடம்பிடித்தான். அப்படியானால் கதிரையைப் போட்டு அதன் மேல் நீ இரு என்றேன்.

அஸ்கா வீட்டுக் கதிரை. இருபத்து நாலின் கதையை இன்சாப்பிடம் சொன்னேன். அவர் வாசலில் கிடந்ததைத் தூக்கித் தந்துவிட்டு, "கதிர ஒண்டுக்கா டீச்சர் இவ்வளவு கூத்து?" என்று கேட்டார். தையல் பேச்சு அந்த வீட்டில் இப்போது இல்லை. கதிரை றொபின்சனுக்கு என்று அஸ்காவிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கட ஊட்டுக் கதிரையில நான்தான் இருப்பன். அவன் அந்த நல்ல கதிரையில இருக்கட்டும்" என்றாள். இது தயவா, பிடிவாதமா என்று எனக்குப் பிடிபடவில்லை. நீயே பார்த்துச் சொல்.

பணிப்பாளர் ஏதாவது சொன்னால், தரையில் ஒருவரும் இல்லை என்று காட்டு. அண்ணனிடம் மறுபடி போ. மறுபடியும் எழுந்து போனால் மறுபடியும் போ. எனக்கும் மனசு லேசாகவில்லை, நிலானி. பூசையில் உன் பக்கத்துக் காலி இடம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. உன்னைப் பேசாத பேச்செல்லாம் பேசினேன். அதற்கு இந்தக் கதிரையைத் தவிர என்னிடம் வேறொன்றும் இல்லை.

நேற்று வகுப்பில் பழைய மழை அட்டவணையை மறுபடி எழுதினேன், அதே மாதத்தைக் காலியாக விட்டு. ஸஜீத் கையை உயர்த்தினான், அஸ்கா இல்லை. "டீச்சர், அந்த மாசம் மழ இல்லயா, அளக்கிற ஆள் வரல்லயா?" என்று கேட்டான். அஸ்கா திரும்பி அவனைப் பார்த்துவிட்டு, தன் கொப்பியில் போட்டிருந்த பூச்சியத்தை அழித்தாள்.

சனிக்கிழமை எட்டரைக்கு அந்த நீலக் கதிரை காலியாக இருந்தால், வரவு இடாப்பில் உடனே பூச்சியம் போட்டுவிடாதே. ஏன் என்று கேள். கண்டக்குழி பஸ் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை.

உன்
முஃப்லிஹா